கடன் என்னும் சொல்

கடன் என்னும் சொல் தமிழிலே இருபொருள் தருவது. ஒருவரிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்கவேண்டியதும் கடன். ஒருவர் செய்தே தீரவேண்டியதும் கடன். பின்னதைக் கடமை என்று இக்காலத்தார் பிரித்து வழங்குவர். பழைய சொல்லிலோ இரண்டும் ஒன்றாய்க் கிடக்கின்றன. அவ்வாறு கிடப்பதிலே ஒரு நியாயம் உண்டென்பது என் எண்ணம்.

இச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, கடல்கடந்த வழக்கொன்றை இவ்வாரம் ஆராய விரும்புகின்றேன். ஐக்கிய அமெரிக்காவிலே வாழும் கறுப்பின மக்களிடையே நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு அது. அவர்களுள் கற்றும், பொருளீட்டியும், புகழ்பெற்றும் மேலே வந்தோர் பலர். மேலே வராத தம்மவர்க்கு இவர்கள் கடன்பட்டவரா? பட்டவராயின் அக்கடனைத் தீர்க்கும் வகை யாது? (முன்னாளில் நம் பத்திரிகைகள் அம்மக்களை நீக்கிரோவர் என்று எழுதின. அச்சொல்லை அவர்களே விலக்கிவிட்டனர். யாமும் விலக்குதல் முறை.)

அமெரிக்கர் வழக்குக்கு வள்ளுவர் எதற்கு என்று மாணவர் கேட்கலாம். வேறு எவரும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை என்பதே விடை. ஒப்புரவறிதல் இருபத்திரண்டாம் அதிகாரம். ஈகை இருபத்துமூன்றாம் அதிகாரம். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே. அங்ஙனமாயின் இரண்டு அதிகாரம் எற்றுக்கு? ஈகையிலே, ஏற்பவன் ஒருவன் கைநீட்டி எதிரே நிற்கின்றான். ஒப்புரவிலே கைநீட்டுவார் எவருமில்லை. ஊர்ப் பொதுக்குளத்தில் நீர் நிறைந்திருக்கின்றது. வேண்டியவர் மொண்டு போகின்றனர். ஊர் நடுவிலே மரம் பழுத்திருக்கின்றது, எட்டியவர் பறிக்கின்றனர். குளத்தை யாரும் இரப்பதில்லை. மரமும் தன்னை வள்ளல் என்று எண்ணுவதில்லை. இன்னும் ஒன்று: அக்குளத்தை வெட்டியவர் யார்? ஊரவர். அதன் நீர் ஊரவர்க்கே பயன்படுதல் தருமம் அன்று, கணக்கு.

1903ஆம் ஆண்டிலே டு போய்ஸ் என்னும் பேரறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹார்வட் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவர். பெற்ற ஆண்டு 1895. ஓர் இனம் உயர்வது அதன் திறமைமிக்க பத்திலொரு பங்கினராலே என்பது அக்கட்டுரையின் துணிபு. அந்தப் பத்திலொருவர்க்கு உயர்கல்வி அளியுங்கள். அவர் ஏனையோரை உயர்த்துவர் என்றார். பத்திலொரு பங்கினர் என்ற தொடர் அவர் ஆக்கியதன்று. 1896இல் ஹென்றி மோர்ஹவுஸ் என்னும் வெள்ளையர் ஒருவர் ஆண்டது. ஆயினும் டு போய்ஸ் எடுத்த பிறகே அது நாடெங்கும் வழங்கிற்று. புக்கர் வாஷிங்டனோ கைத்தொழிற் கல்வியே முதலில் வேண்டுவது என்றார். அடிமையாய்ப் பிறந்து, 1881இல் டஸ்கீஜி என்னும் ஊரிலே கல்லூரி நிறுவியவர் அவர். இருவர்க்கும் நடந்த பூசல் பெரிது, ஈண்டு வேண்டா.

டு போய்ஸின் கட்டுரையிலே எனக்கு ஒரு குறை தோன்றுகின்றது. பத்திலொருவர் மற்றை ஒன்பதின்மரையும் தூக்கிவிடுவர் என்று அது சொல்கின்றது. அந்த ஒருவரைத் தூக்கிவிட்டவர் யார்? அக்கணக்கை அது விரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், உயர்ந்தோரின் பெருந்தன்மையைப் பற்றிய பேச்சாக இராது. அவர்கள் பட்ட கடனைப் பற்றிய பேச்சாக இருந்திருக்கும்.

கணக்கை யாம் பார்ப்போம். டு போய்ஸ் 1885 முதல் 1888 வரை கற்றது நாஷ்வில் நகரத்து பிஸ்க் கல்லூரியிலே. அடிமைத்தளை நீங்கிய அடுத்த ஆண்டு, 1866இல், தொடங்கிய கல்லூரி அது. ஐந்தாண்டுக்குள்ளே பணமின்றி மூடும் நிலை வந்தது. 1871இல் ஒன்பது மாணவர், பெரும்பாலார் அடிமைகளாய்ப் பிறந்தவர், ஊரூராய்ப் பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டனர். தம் பெற்றோர் வயல்களிலே பாடிய பாட்டுக்களையே அரங்கிலே பாடினர். கடல்கடந்து இங்கிலாந்திலும் பாடினர். அப்பணத்திலே எழுந்த பெருங்கட்டடம் 1876இல் திறக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து டு போய்ஸ் கற்கப் போனபோது அக்கட்டடம் அங்கே நின்றது. அவருடைய கல்விக்கு முதல் இட்டவர் யாவர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கிராமப் பாடசாலைகளின் கணக்கு இன்னும் வியப்பானது. யூலியஸ் ரோசன்வால்ட் என்னும் வெள்ளைச் செல்வர், வாஷிங்டனின் தூண்டுதலால், தென்மாநிலங்களிலே கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடசாலை கட்டப் பணம் உதவினார். 1932 வரையில் ஏறத்தாழ 5,000 பாடசாலைகள் எழுந்தன. அவை அவர் பெயராலே வழங்குகின்றன. ஆனால் அவர் உதவியது ஏறக்குறைய 43 இலட்சம் டொலர். பருத்திக் காட்டிலே குத்தகைக்கு உழைத்த கறுப்பின மக்கள் சேர்த்துக் கொடுத்தது 47 இலட்சம். பணமில்லாதவர் மரம் தறித்துக் கொடுத்தனர். சிலர் கோழி வளர்த்து விற்றனர். இதே மக்கள் அரசுக்கு வரியும் கட்டினர். அவ்வரியிலே பெரும்பங்கு வெள்ளையர் பாடசாலைக்குப் போயிற்று. ஒரு பாடசாலைக்கு இருமுறை பணம் கட்டியவர்கள் உலகிலே வேறெங்கும் உளரோ, அறியேன்.

இது ஊர்க்கணக்கு. ஒரு தனி மனிதனின் கணக்கும் உண்டு.

புளோரிடா மாநிலத்து டேற்றோனா என்னும் ஊரிலே வளர்ந்தவர் ஹவர்ட் தேர்மன். 1899இல் பிறந்தவர். அவரை வளர்த்த பாட்டி அடிமையாய்ப் பிறந்தவர், எழுத்தறியாதவர், வேதாகமத்தைப் பேரனைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்பார். அவ்வூரிலே கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்தரப் பாடசாலை கிடையாது. எட்டாம் வகுப்பைத் தேறிய தேர்மன், மேலே படிக்க வேறு நகருக்குப் புகையிரதத்திலே செல்லவேண்டியிருந்தது. சீட்டை வாங்கிவிட்டார். பழைய பெட்டி ஒன்று, பிடி இல்லாதது, கயிற்றாலே கட்டியது. அதைச் சீட்டோடு சேர்த்து அனுப்ப முடியாது, தனியே கூலி கட்டவேண்டும் என்றார் நிலையத்து உத்தியோகத்தர். கையில் அதற்குக் காசில்லை. பையன் நிலையத்துப் படியிலே குந்தி அழுதான். வேலையுடுப்போடு வந்த கறுப்பின மனிதர் ஒருவர் என்ன காரியம் என்று கேட்டார். உள்ளே போய்ப் பெட்டிக்கூலியைக் கட்டினார். பற்றுச்சீட்டைப் பையன் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். பெயரும் சொல்லவில்லை. தேர்மன் அவரைப் பின்னொருபோதும் காணவில்லை. பேராசிரியராகவும், நாடறிந்த சமய ஞானியாகவும் உயர்ந்த அவர், 1979இல் தம் சுயசரிதையை வெளியிட்டபோது, அதனைப் பேர்பெற்ற எவர்க்கும் படைக்கவில்லை. அந்த நிலையத்து அந்நியர்க்கே படைத்தார்.

பெயர் தெரியாதவனிடம் வாங்கிய கடனை யாருக்குத் திருப்பிக் கொடுப்பது? அவனைப் போன்றவர் எல்லார்க்கும் என்பதன்றி வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. இனம் முழுவதற்கும் கடன்பட்டவர் என்று சொல்வதன் பொருள் இதுவே.

இந்தத் தேர்மனிடம் இக்கேள்வி நம் நாட்டிலே வைத்துக் கேட்கப்பட்டது என்பதை வாசகர் பலர் அறிந்திரார். 1935இலே, கறுப்பினக் கிறித்தவர் நால்வர் கொண்ட நட்புறவுக் குழுவுக்குத் தலைவராக, அவர் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். கொழும்பிலே சட்டக் கல்லூரியிற் பேசி முடித்தபின், அங்கிருந்தார் ஒருவர் அவரைக் கோப்பி அருந்த அழைத்துப் போனார்; சிறிது நேரம் மௌனமாயிருந்து, பின் கேட்டார். உம்மவரை அடிமைகளாக்கிக் கப்பலேற்றியவர் கிறித்தவர். விடுதலைக்குப் பின்னும் உம்மவரை மரத்திலே தூக்கிக் கொன்றவர் கிறித்தவர். நீர் அவர்களுடைய சமயத்தின் பிரதிநிதியாய் இங்கு வந்து நிற்கின்றீரே. நிறத்தால் ஒடுக்கப்பட்டோர் அனைவர்க்கும் நீர் துரோகி அல்லிரோ? கேள்வி கடுமையானது. உயர்ந்துவிட்ட ஒருவரைப் பார்த்து, நீ யார் பக்கத்தில் நிற்கின்றாய் என்று கேட்பது அது. தேர்மன் சினக்கவில்லை. இருவரும் மணிக்கணக்காகப் பேசினர். இயேசு என்பார் அந்நியர் ஆட்சியிலே நசுங்கிய ஏழை இனத்தில் தோன்றியவர். அவர் சொல்லியது முதுகு சுவரிலே முட்ட நிற்பவர்க்கே என்பது தேர்மன் கண்ட விடை. அதனைப் பல்லாண்டு சிந்தித்து 1949இல் நூலாக்கினார். அவ்விடையை ஒப்புவதும் ஒப்பாததும் அவரவர் சமயத்தைப் பொறுத்தது. 1936இல் அவர் காந்தியடிகளைக் கண்டு உரையாடியதும், அகிம்சை பற்றிய அச்சிந்தனை மாட்டின் லூதர் கிங்கின் தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்ததும் வரலாறு. கடன் பணமாகவே தீரவேண்டும் என்பதில்லை.

இங்கே ஒரு தடை எழும். அதை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. வெள்ளை வைத்தியர் ஒருவர் தம் தொழிலைச் செய்து, தம் பிள்ளைகளை வளர்த்து, நிம்மதியாக முதுமை எய்தலாம். உன் இனத்துக்கு என்ன செய்தாய் என்று அவரை எவரும் கேட்பதில்லை. கறுப்பின வைத்தியரை மட்டும் கேட்பது என்ன நியாயம்? தோலின் நிறம் பற்றி ஒருவர்மேற் சுமையேற்றுவது, பழைய அநீதியையே புதிய பெயரால் நடத்துவதாகாதா?

தடை வலியது. கடன் நிறத்தால் வருவதாயின் நானும் தடை கூறுவார் பக்கமே நிற்பேன். ஆனால் அது கணக்கால் வருகின்றது. வெள்ளை வைத்தியரும் கடன்பட்டவரே. அவர் படித்த பாடசாலையைக் கட்டியது பொதுப்பணம். அப்பொதுப்பணத்திலே கறுப்பினத்தார் கட்டிய வரியும் கலந்திருந்தது. பொதுக் கருவூலத்திலே கலந்துவிட்டமையால் அவர் கடன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கறுப்பின வைத்தியர் கடனோ பெயர் சொல்லும், முகம் காட்டும். உடுப்புத் தோய்த்த தாய், தேவாலயத்திலே சில்லறை சேர்த்த அயலார், பெட்டிக்கூலி கட்டிய தொழிலாளி என்று எதிரே வந்து நிற்கும். கடன்பட்டவன் அடிமை அல்லன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஒரு கவிஞர் தம் இனத்தைப் பற்றியே பாடவேண்டும், ஒரு விஞ்ஞானி தம் தெருவிலேயே குடியிருக்கவேண்டும் என்று கட்டளையிட எவர்க்கும் உரிமை இல்லை.

படித்தவர் அனைவரும் இக்கடனை உணர்ந்தனரா? உணரவில்லை என்று சொன்னவர் டு போய்ஸ் தாமே. மாணவராயிருந்த காலத்திலே அவர் டெனசி மாநிலத்துக் குக்கிராமம் ஒன்றில், தானியம் சேர்த்து வைத்த பழைய மரக்குடிலிலே, விடுமுறைப் பாடசாலை நடத்தினார். அங்கே யோசி என்னும் பெண், இருபது வயது, படிப்பின்மேற் பெருவேட்கை கொண்டவள். அப்பாடசாலைக்கு ஆசிரியர் வேண்டியிருப்பதை அவருக்குச் சொல்லியவளே அவள்தான். பத்தாண்டு கழித்து அவர் அவ்வூருக்குத் திரும்பிப் போனார். மரக்குடில் இருந்த இடத்திலே பலகைக் கட்டடம் நின்றது. யோசி இல்லை. குடும்பச் சுமையைத் தாங்கித் தாங்கி, வீட்டுவேலைக்குப் போய் உழைத்து, இறந்துவிட்டாள். முன்னேற்றம் என்பதன் பொருள் யாது என்று டு போய்ஸ் அங்கே நின்று கேட்கின்றார். நாற்பதாண்டளவாக வகுப்பறையிலே நின்ற எனக்கு, அந்த அத்தியாயத்தை ஒரே இருப்பில் வாசித்து முடித்தல் இன்றும் அரிது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு யோசி இருக்கின்றாள்.

1948இலே, எண்பது வயதில், கல்வியும் செல்வமும் வாய்ந்த கறுப்பின ஆடவர் சங்கமொன்றின் முன்னே டு போய்ஸ் பேசினார். அறிவு வந்தால் தியாகமும் தானே வரும் என்று தாம் இளமையிலே நம்பியதாகவும், தன்னலம் தியாகத்தினும் இயல்பானது என்பதை அப்போது உணரவில்லை என்றும், எதிரே இருந்த செல்வர் முகத்துக்கு நேரே சொன்னார். தாம் பரப்பிய கொள்கையைத் தாமே திருத்துவது அறிஞர்க்கு எளிதன்று. ஆயினும் தன்னலம் மட்டுமே காரணம் என்று யான் எண்ணவில்லை. வேறொன்றும் நடந்தது.

இனப்பிரிவினைச் சட்டங்கள் கறுப்பின மக்களை ஒரே குடியிருப்பிலே அடைத்து வைத்தன. வைத்தியரும், சட்டத்தரணியும், ஆசிரியரும், உடுப்புத் தோய்ப்பவளும் ஒரே தெருவிலே வாழ நேர்ந்தது. அது கொடுமை, அதை நினைந்து ஏங்குவது அறிவீனம். ஆனால் மரம் ஊர் நடுவிலே நின்றது. 1954இல் உயர் நீதிமன்றம் பாடசாலைப் பிரிவினை சட்டவிரோதம் என்று தீர்த்தது. தீர்ப்பு நன்று. அதை நடைமுறைப்படுத்திய விதம் நன்றன்று. பிள்ளைகளைச் சேர்த்தபோது கறுப்பினத்தார் பாடசாலைகளே பெரும்பாலும் மூடப்பட்டன. தென்மாநிலங்களிலே பல்லாயிரம் கறுப்பின ஆசிரியரும் அதிபரும் வேலையிழந்தனர். ஊரிலே கற்றவர் என்று பிள்ளைகள் நாள்தோறும் கண்ட முகம் அதுவே, அது மறைந்தது. 1968இலே வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனபேதம் காட்டலாகாது என்று சட்டம் வந்தது. இயன்றவர் நல்ல பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். போகாதே என்று யார் தடுப்பர்? பின்னே நின்றவர் நிலையை வில்லியம் யூலியஸ் வில்சன் என்னும் சமூகவியலறிஞர் 1987இல் விரித்தெழுதினார். தொழிற்சாலைகள் மறைந்தன, நடுத்தர வகுப்பாரும் போயினர், தேவாலயமும் கடையும் சங்கமும் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. பழமரம் இன்னும் பழுக்கின்றது. நிற்கும் இடம் மாறிவிட்டது.

தொலைவிலே போனவர்க்கு எளிதாய்க் கிட்டுவது ஈகை. 2019இலே ரொபேட் சிமித் என்னும் கறுப்பினக் கோடீசுவரர், அட்லாண்டா நகரத்து மோர்ஹவுஸ் கல்லூரியிலே அவ்வாண்டு பட்டம் பெற்ற ஏறத்தாழ 400 மாணவரின் கல்விக்கடன் முழுவதையும் தாமே தீர்ப்பதாக மேடையில் அறிவித்தார், தீர்த்தும் வைத்தார். மாணவரும் பெற்றோரும் ஆனந்தக் கண்ணீர் விட்டனர். மறு ஆண்டிலே பிற கல்லூரி மாணவர்க்கும் உதவும் ஏற்பாடொன்றைத் தொடங்கினார். அதே 2020இல், பல்லாண்டாக அரசுக்கு வரி ஏய்த்ததை ஒப்புக்கொண்டு, 13 கோடி டொலருக்கு மேல் செலுத்தவும் அவர் உடன்பட்டார். அவருடைய கொடையைச் சிறுமைப்படுத்தும் நோக்கம் எனக்கில்லை. ஆனால் வரி என்பது ஊர்க்குளத்துக்குப் போகும் வாய்க்கால். கொடை பெறுவோர் யாவர் என்பதைக் கொடுப்பவர் தெரிந்துகொள்கின்றார். வரிப்பணத்தில் நடக்கும் பாடசாலையிலோ யோசியும் போய் அமரலாம்.

கூடைப்பந்து வீரர் லெப்ரோன் ஜேம்ஸ் செய்தது எனக்கு இன்னும் உவப்பானது. தாம் பிறந்த அக்ரன் நகரிலே 2018இல் அவர் தொடங்குவித்தது தம் பெயர் பொறித்த தனியார் கல்லூரியன்று. நகரத்துப் பொதுப் பாடசாலை. படிப்பிலே பின்தங்கிய பிள்ளைகளையே அது தேர்ந்தெடுத்துச் சேர்க்கின்றது. ஆசிரியர் சம்பளம் முதலியவற்றை வழமைபோற் பொதுப்பணம் தாங்குகின்றது. பிள்ளைகளின் குடும்பத்தார்க்கு வேண்டிய மேலுதவிகளை அவரது அறநிலையம் தாங்குகின்றது. தேர்வுப் பெறுபேறுகள் எதிர்பார்த்தபடி உயரவில்லை என்று குறைகூறியவர் உண்டு. பின்தங்கியவரையே தேர்ந்தெடுத்த பாடசாலை இரண்டொரு ஆண்டிலே முதலிடம் பெறும் என்று ஆசிரியத் தொழில் அறிந்தவர் எவரும் எதிர்பாரார்.

கொடுப்பவர் கையிலே சிலவேளை பிரம்பும் இருக்கும். 2004இலே, முற்கூறிய நீதிமன்றத் தீர்ப்பின் ஐம்பதாம் ஆண்டு விழாவில், பில் கொஸ்பி என்னும் பிரபல நடிகர், ஏழைப் பெற்றோர் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர் என்று மேடையிலே கடிந்தார். கைதட்டியவர் பலர். பாடசாலையை மூடியவரையும் தொழிற்சாலையைப் பெயர்த்தவரையும் விட்டுவிட்டு, மூடியபின் அங்கே எஞ்சி நின்றவரைக் கடிவது கடன் தீர்த்தல் ஆகாது. கடன் கொடுத்தவனை ஏசுதல் ஆகும்.

டு போய்ஸின் கட்டுரைக்கு ஏழாண்டு முன்னரே, 1896இல், கறுப்பின மாதர் சங்கங்கள் ஒன்றுகூடி நாடளாவிய பேரவை ஒன்றை அமைத்தன. ஏறும்போதே பிறரையும் தூக்கிவிடுதல் என்பது அதன் முதுமொழி. ஏறி முடித்தபின் திரும்பிப் பார்த்தல் என்று அம்மாதர் சொல்லவில்லை என்பதை இலக்கணம் கற்போர் கவனிக்க. இறந்தகால வினையெச்சத்துக்கும் நிகழ்காலத்துக்கும் உள்ள வேறுபாட்டிலே ஒரு கொள்கையே அடங்கிக் கிடக்கின்றது. சிறுபிள்ளைப் பாடசாலை, முதியோர் இல்லம், தொழில் தேடி நகருக்கு வரும் பெண்களுக்கு விடுதி என்று அவர்கள் செய்தவை பல.

அப்பேரவையின் முதல் தலைவி மேரி சேர்ச் டெரல். தந்தையார் அடிமையாய்ப் பிறந்து மெம்பிஸ் நகரிலே பெருஞ்செல்வரானவர். மகள் 1884இலே பட்டம் பெற்றார். தலைநகரிலே வீடு, மதிப்பு, கணவர் நீதிபதி, எக்குறையும் இல்லை. 1950இலே, எண்பத்தாறு வயதில், வாஷிங்டன் நகரத்து தொம்சன் உணவுச்சாலைக்குள் நண்பர் சிலரோடு புகுந்து உணவு கேட்டார். கறுப்பினத்தார்க்குப் பரிமாறுவதில்லை என்றனர். வழக்குத் தொடர்ந்தது. வழக்கு நடந்த காலத்திலே, இனபேதம் காட்டிய கடைகளின் முன்னே ஊன்றுகோலோடு மறியலில் நின்றார். 1953 யூன் 8ஆம் நாள் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சில நாளில், பழைய நண்பரோடு அதே உணவுச்சாலைக்குப் போனார்; பரிமாறினர்; உண்டு வந்தார்.